அரிதாக

மருந்துப் பெட்டிக்குள் ஒரு தாள் இருந்ததாம்,
எட்டாய் மடித்தது, வெங்காயச் சருகுபோல் மெல்லியது.
நாங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை,
காய்ச்சலில் கிடந்தோம்.
பிரித்ததும் செவிலியர், குப்பையில் போட்டதும் அவரே.
அவரைக் குறை சொல்லவில்லை.

அதன் மூன்றாம் பத்தியில் 'அரிதாக' என்றொரு சொல்.
அந்தச் சொல்லுக்குள்தான்
செவ்வாய்தோறும் மாலை ஆறு மணிக்கு
எட்டு நாற்காலி போட்டு உட்காருகிறோம்,
ஹம்மர்ஃபெஸ்ட் தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில்,
காயப்போட்ட தண்ணீர்க் குழாய்களுக்கு நடுவே.

"தலைசுற்றலா?" என்பார்கள்.
தலை நிற்கிறது. தெருதான் குதிக்கிறது.
கொத்தனாரின் ரசமட்டம் மாதிரி ஒன்று
எல்லோர் காதுக்குள்ளும் உண்டு.
எங்களுடையது பதினோரு நாள் ஊசியில் கரைந்துபோனது,
ரத்தத்தில் இருந்த கிருமியோடு சேர்ந்து.
இப்போது கண்ணை நம்பித்தான் நிற்கிறோம்,
இரண்டு மாதம் சூரியன் எட்டிப் பார்க்காத ஊரில்.

மகிழ்ச்சியில் கால் தரையில் பாவவில்லை என்பார்களே,
எங்களுக்கும் பாவுவதில்லை.

ஓட்வார் இருபத்தாறு வருடம் மீன்படகில் இருந்தவன்.
"கடலில் எல்லோரும்தான் ஆடுகிறார்கள்,
அங்கே நான் சாதாரண ஆள்"
என்று படகுக்காரனிடம் வாதாடிப் பார்த்தான்.
படகுக்காரன் சிரித்தான், கட்டிக்கொண்டான்,
ஏற்றிக்கொள்ளவில்லை.
மாரெத் நீச்சல் குளத்தில் மேல் எது என்று தெரியாமல்
அடித்தரையை நோக்கி நீந்தியவள்.
அதை ஒருமுறைதான் சொன்னாள்.
நான் பேருந்து ஓட்டினேன்.
உரிமத்தை நானே போய்த் திருப்பிக் கொடுத்தேன்.
மேசைக்குப் பின்னால் இருந்த பெண்
ரசீது வேண்டுமா என்றாள்.
ஊன்னி வருடத்துக்கு ஒரு படிவம் நிரப்பி அனுப்புகிறாள்.
'பாதிப்பு தொடர்கிறதா?' என்று ஒரு கட்டம்.
கோடு நேராக வராது, கட்டத்தைத் தாண்டிப் போகும்.
அப்படியே அனுப்புவாள்.

போன வாரம் புதிதாக ஒரு பையன், யோஸ்டெய்ன்.
இருபத்துநான்கு இருக்கும். சுவரைத் தடவியபடி வந்தான்.
உட்காரும் முன்பே சொன்னான்:
"உயிர் பிழைத்ததற்கு நன்றியோடுதான் இருக்கிறேன்."
யாரும் கேட்கவில்லை அதை.
நாங்கள் எட்டுப் பேரும்
அதே வாக்கியத்தோடுதான் முதல் நாள் வந்தோம்,
வாசலில் நீட்டும் டிக்கெட் போல.
"அதைக் கோட்டு மாட்டுகிற ஆணியில் மாட்டிவிடு,"
என்றாள் ஊன்னி. "போகும்போது எடுத்துக்கொள்."

வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை அவன்.
காப்பி ஆறிப்போனது.
பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு,
"முடி அலச முடியவில்லை.
நுரை வழியும், கண்ணை மூடுவேன், விழுவேன்.
அம்மா வந்து கழுவிவிடுகிறாள்."

ஓட்வார் எழுந்தான். காலை அகட்டி நின்றான்.
சுண்டுவிரல் நுனியைச் சுவரில் வைத்தான்.
கண்ணை மூடினான்.
மூடியபடியே நின்றான், நாங்கள் காப்பியைச்
சுடவைத்து ஊற்றி முடிக்கும்வரை.
"பிடிக்காதே. சாயாதே. தொட்டால் போதும்.
சுவர் எங்கே என்று விரலுக்குத் தெரிந்தால்
நீ எங்கே என்று உனக்குத் தெரியும்."
இதை எந்த மருத்துவமனையும் எங்களுக்குச் சொல்லவில்லை.
ஓட்வாருக்குச் சொன்னது
டிரோம்சோவில் ஒரு குழாய் பழுதுபார்ப்பவள்.
அவளுக்கு யாரோ.

வெளியே வந்தால் வாகன நிறுத்தத்தில் விளக்கு எரியவில்லை.
முன்னால் நிற்பவர் தோளில் ஒற்றை விரல் வைத்து
ஒன்பது பேரும் வரிசையாக நடந்தோம்.
எதிரே வந்த தம்பதி ஒதுங்கி வழிவிட்டார்கள்.
செவ்வாய்க்கிழமையே இவ்வளவு குடியா
என்று நினைத்திருக்கலாம்.
உறைபனியில் யோஸ்டெய்ன் சறுக்கினான்.
ஒற்றை விரல்தானே, எடுத்திருக்கலாம்.
எடுக்கவில்லை.
சீட்டுக்கட்டு சரிகிற மாதிரி எல்லோரும் சரிந்தோம்.
முதலில் சிரித்தது அவன்.

மல்லாந்து அசையாமல் கிடக்கும்போது மட்டும்
எங்களுக்கு வானம் குதிப்பதில்லை.
நட்சத்திரங்கள் ஆணி அடித்த இடத்தில் இருந்தன.
யாருடைய கையுறையோ என் முதுகுக்கடியில்.
பனி கழுத்துவழி உள்ளே இறங்கியது.
எழுந்திருக்கலாம் என்று
ஒருவரும் சொல்லவில்லை.